ஆளில்லாதபோது தூங்கிய பெட்டி

விதி தெளிவாகத்தான் இருந்தது. சிப்புக்குள் இருக்கும் எந்தப் பகுதியை இயக்கும் நிரலாக இருந்தாலும், வேலையைத் தொடங்கும் முன் அந்தப் பகுதியை அசைய வைக்கும் கடிகாரத் துடிப்பைக் கேட்டுப் பெற வேண்டும். வேலை முடிந்ததும் தன் பங்கைத் திருப்பித் தர வேண்டும். ஒரே துடிப்பைப் பலர் பயன்படுத்தினால், கடைசி ஆளும் திருப்பித் தந்த பிறகே அது நிற்க வேண்டும். யாரும் தன் வேலை முடிந்துவிட்டது என்று நேரே போய்ச் சுவிட்சை அணைக்கக் கூடாது.

ரயில்வேயில் சிக்னல் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். விதியைப் படித்ததும் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. நன்றாக எழுதப்பட்ட விதிகளைத்தான் மக்கள் மீறுகிறார்கள் என்பது என் சர்வீஸ் அனுபவம். மோசமாக எழுதப்பட்டவை யாருக்கும் புரிவதில்லை. அதனால் மீறவும் முடிவதில்லை.

இந்த விதியை எனக்குப் படித்துக் காட்டியவர் என் மாப்பிள்ளை. பெங்களூரில் நல்ல வேலையில் இருந்தவர், அதை விட்டுவிட்டு விருதுநகரில் ஆமத்தூர் ரோட்டில் ஷட்டர் வைத்த ஓர் அறையை வாடகைக்கு எடுத்தார். அங்கே பட்டாசு ஆலைகளுக்காக ஒரு பெட்டி செய்துகொண்டிருந்தார். வெயில் ஏறினால் மருந்து கலக்கும் வேலையை நிறுத்த வேண்டும் என்பது ஆலைகளில் நடைமுறை. வெயில் ஏறிவிட்டது என்று யார் சொல்வது? நாங்கள் போன ஆலையில் போர்மேன் சொல்வார். தகரக் கூரையின் விளிம்பில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். சீசனுக்கு ஆர்டர் குவியக் குவிய அந்த உள்ளங்கைக்குச் சூடு தெரிவது குறைந்துகொண்டே போகும். மாப்பிள்ளையின் பெட்டிக்கு ஆர்டரும் தெரியாது, சீசனும் தெரியாது. சூடு எல்லை தாண்டினால் ஹாரன் அடிக்கும். அவ்வளவுதான்.

மருந்து கலக்கும் ஷெட் பக்கம் மின்கம்பி போகக் கூடாது என்பதால், பெட்டியைத் தள்ளி ஒரு வேப்பமரத்தருகே இரும்புக் கம்பத்தில் மாட்டினோம். பேட்டரியில் ஓட வேண்டும். பேட்டரி நீடிக்க வேண்டுமானால் வேலை இல்லாத பகுதிகளுக்குத் துடிப்பை நிறுத்தி வைக்க வேண்டும். மின்சாரம் இருந்தாலும் துடிப்பு இல்லாத பகுதி அசையாது. சம்பளம் வந்தும் பைல் வராத அலுவலகம் மாதிரி.

ஆலை முதலாளி, அதாவது நான் அண்ணாச்சி என்று கூப்பிடுகிறவர், நிபந்தனையைச் சுருக்கமாகச் சொன்னார். "பள்ளிக்கூடம் தெறக்கதுக்குள்ள இது தானா நின்னு வேல பாக்கணும். பாத்துச்சுன்னா எல்லா ஷெட்டுக்கும் போடுவோம். இல்லன்னா கழட்டிக்கிட்டுப் போயிருங்க."

அவருக்கு அது ஒரு வசதியான தேதி. எங்கள் வீட்டில் அதற்கு வேறு பொருள் இருந்தது. பெங்களூர் கம்பெனிக்காரர்கள் மாப்பிள்ளையைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். பேத்தியை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். விருதுநகரிலா பெங்களூரிலா என்பதை ஒரு தகரப் பெட்டி தீர்மானிக்க வேண்டியதாகிவிட்டது. என் மனைவி அந்தப் பெட்டியைப் பற்றிப் பேசும்போது, சம்பந்தி வீட்டாரைப் பற்றிப் பேசும் எச்சரிக்கையோடு பேசத் தொடங்கினாள்.

பெட்டி மாட்டிய அன்று போர்மேன் பூஜை போட்டார். சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை. மாலையின் நுனியில் நல்ல கனமான எலுமிச்சம்பழம். மாப்பிள்ளைக்கு இதெல்லாம் பிடிக்காது. ஆனால் போர்மேன் ஒத்துழைக்காவிட்டால் எதுவும் நடக்காது என்று நான் கண்ணைக் காட்டினேன். முப்பது வருடம் கேபின் கேபினாக ஆயுத பூஜையில் பொரி சாப்பிட்டவன் நான்.

பெட்டி பிரமாதமாக வேலை செய்தது. வெயில் ஏறும்போதெல்லாம் ஹாரன் அடித்தது. ஷெட்டில் வேலை செய்யும் பெண்கள் கையைக் கழுவிக்கொண்டு மரத்தடிக்கு வந்தார்கள். பேட்டரி மட்டும் கணக்கைவிட வேகமாக இறங்கியது. மாப்பிள்ளை தலையைச் சொறிந்துவிட்டுப் பெரிய பேட்டரியாக மாற்றினார்.

பிறகு ஒருநாள் ஹாரன் அடிக்கவில்லை. மறுநாளும் அடிக்கவில்லை. தகரத்தில் அப்பளம் சுடலாம் போலிருந்தது. போர்மேனின் உள்ளங்கையே உணர்ந்து வேலையை நிறுத்தியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணாச்சி எங்களை அழைத்துக்கொண்டு கம்பத்துக்குப் போனார். பெட்டியின் சிறு திரை சும்மா இருக்கும்போது அணைந்திருக்கும்; அதைப் பார்ப்பதற்காகப் பொத்தானை அழுத்தினார். திரை எரிந்தது. அடுத்த கணம் ஹாரன் அவர் காதுக்குள்ளேயே அலறியது.

காதைத் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "ஆளு வந்தா கத்துது, ஆளு போனா தூங்குது. இத என்ன, ஒங்க ஆபீசுல இருந்து கொண்டாந்தீகளா?"

"எங்க ஆபீஸ்ல ஆள் வந்தாலும் எந்திரிக்க மாட்டாங்க அண்ணாச்சி" என்றேன். வேறு என்ன சொல்ல?

போர்மேனுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. "பழம் காஞ்சு போச்சு மொதலாளி. அதான்" என்றார்.

மாப்பிள்ளை அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெட்டியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். சூடான தோசைக்கல்லை அதன் பக்கத்தில் வைத்துவிட்டு நாங்கள் சாப்பிட உட்கார்ந்தோம். சத்தமே இல்லை. என்ன ஆச்சு என்று அவர் எழுந்து போய்ப் பொத்தானை அழுத்தியதும் தெருவே திரும்பிப் பார்க்கும்படி அலறியது. திரை தெரியும் வரை ஒழுங்காக இருந்தது. திரை அணைந்ததும் அடங்கியது. இன்னொரு விநோதம், பெட்டி காட்டிய நேரமும் பிந்தியிருந்தது. யாரும் பார்க்காத நேரத்தை அது கணக்கிலேயே எடுக்கவில்லை.

"ஒங்களுக்குத்தான் இது நல்லாப் புரியணும்" என்று என் மனைவி என்னிடம் சொன்னாள். "பெரிய ஆபீசர் டி.ஆர்.எம். இன்ஸ்பெக்‌ஷன் அன்னைக்கு மட்டும் ஒங்க டிபார்ட்மென்ட் இப்படித்தான் முழிச்சிருக்கும்."

இரண்டு நாள் பார்த்தும் காரணம் பிடிபடாமல் பெட்டியைத் திரும்பக் கொண்டுபோய் மாட்டினோம். போர்மேன் எங்களைக் கேட்காமலேயே புதுப் பழம் கோத்த மாலையைப் போட்டுவிட்டார். அன்றைக்கு ஹாரன் கணக்காக அடித்தது. போர்மேன் மீசையை மட்டும் தடவிக்கொண்டார். அதற்குப் பதில் அவர் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

மாப்பிள்ளை கோபத்தில் மாலையை ஒரு பக்கமாகத் தள்ளினார். திரை அணைந்தது. மாலையை விட்டார். பழம் ஆடி வந்து பழைய இடத்தில் சாய்ந்தது. திரை எரிந்தது. மறுபடி தள்ளினார், விட்டார். கொஞ்ச நேரம் குழந்தை ஊஞ்சலை ஆட்டுவதுபோல் அதையே செய்துகொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "மாமா, இது பழம் இல்ல, வெரலு" என்றார்.

பழத்தின் கனம் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. திரை அணையவே இல்லை. பேட்டரி வேகமாக இறங்கியதும் அதனால்தான். பழம் காய்ந்து சுருங்கியதும் பொத்தானை எட்டவில்லை. திரை அணைந்தது, அத்தோடு பெட்டியும் தூங்கியது. பழம் காய்ந்ததால்தான் பெட்டி தூங்கியது என்ற போர்மேனின் அறிக்கையில் ஒரு பிழையும் இல்லை. காரணம் எழுத வேண்டிய இடத்தில் மட்டும் அவர் சாமியைப் போட்டிருந்தார்.

திரை அணைந்தால் மற்றவை ஏன் தூங்க வேண்டும்? மாப்பிள்ளை கம்ப்யூட்டரில் நிரலைத் திறந்து காட்டினார். ஹாரனுக்கும் வெப்பம் அளப்பதற்கும் அவர் எழுதிய டிரைவர்கள், அதாவது அந்தப் பகுதிகளை இயக்கும் நிரல்கள், விதிப்படி துடிப்பைக் கேட்டு வாங்கின. திரைக்கான டிரைவர் சிப் செய்த வெளிநாட்டுக் கம்பெனி கொடுத்தது. அது யாரையும் கேட்கவில்லை. திரையை அணைக்கும்போது போகிற போக்கில் துடிப்பின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போனது. மூன்றுக்கும் அதே துடிப்பு. ஒரே லைட் உள்ள அறையில் தன் வேலை முடிந்தது என்று லைட்டை அணைத்துப் பூட்டிக்கொண்டு போகும் பெரிய ஆபீசர்களை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே நான் இருந்தேன்.

"இது ஆக்ஸில் கவுண்டர்தான" என்றேன். தண்டவாளத்தின் ஒரு பகுதிக்குள் எத்தனை அச்சு நுழைந்தது, எத்தனை வெளியேறியது என்று எண்ணும் கருவி அது. உள்ளே போனதும் வெளியே வந்ததும் சரியாக இருந்தால்தான் லைன் காலி. எண்ணாமல் காலி என்று சொல்கிறவனைச் சஸ்பெண்ட் செய்வோம்.

"சிப் கம்பெனிய யாரு மாமா சஸ்பெண்ட் பண்றது?"

கடிதம் எழுதுவது என்று முடிவானது. அதில் எனக்குப் பயிற்சி உண்டு. பொருள், பார்வை, தொடர்புடைய விதி, மீறப்பட்ட விதம், கோரப்படும் நடவடிக்கை என்று முறையாக வரைந்து கொடுத்தேன். மாப்பிள்ளை அதை ஆங்கிலத்தில் பாதியாகக் குறைத்து அனுப்பினார். உடனே ஒரு பதில் வந்தது: உங்கள் கடிதம் எங்களுக்கு முக்கியமானது. அதைப் படித்ததும் இது தாமதமாகும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நினைவூட்டல் ஒன்று, நினைவூட்டல் இரண்டு என்று அனுப்பிக்கொண்டிருந்தோம். பள்ளிக்கூடம் திறக்கும் நாள் நினைவூட்டல் இல்லாமலேயே வந்துகொண்டிருந்தது.

காத்திருக்க முடியாமல் மாப்பிள்ளை அந்த டிரைவரைத் தானே திருத்தினார். இனி திரையும் கேட்டு வாங்கும், தன் பங்கை மட்டும் திருப்பித் தரும். முதல் திருத்தத்தில் பெட்டி தூங்கவே இல்லை. பேட்டரி மறுபடி வேகமாக இறங்கியது. இந்த முறை குற்றம் அவர் பக்கம்: வெப்பம் அளப்பதில் பிழை வந்தால், அவர் எழுதிய நிரல் வாங்கிய துடிப்பைத் திருப்பித் தராமல் பாதியிலேயே திரும்பிப் போய்விடும். நுழைந்த அச்சு வெளியேறவில்லை; லைன் எப்போதும் காலியில்லை. அதையும் சரிசெய்தார்.

கடைசிப் பரீட்சைக்கு அண்ணாச்சி போட்ட நிபந்தனை: பெட்டிப் பக்கம் யாரும் போகக் கூடாது. மாப்பிள்ளை போட்ட நிபந்தனை: பழம் இருக்கக் கூடாது.

"அது ஆவாது" என்றார் போர்மேன். "பழத்த எடுத்துட்டு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா, ஷெட்டுல இருக்கது எம் பொண்டாட்டியுந்தான்."

அவர் மனைவி அங்கே வேலை செய்கிறார் என்பது எனக்கு அதுவரை தெரியாது. பிறகு அண்ணாச்சி தீர்ப்புச் சொன்னார். பழம் இருக்கலாம், பெட்டியில் இல்லாமல் கம்பத்தின் அடியில்.

ஆபீஸ் அறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். திரை அணைந்து வெகுநேரமாகியிருந்தது. மாப்பிள்ளை டீயைக் கையில் வைத்திருந்தார், குடிக்கவில்லை. வெளியே போர்மேன் தகரத்தில் கை வைத்துப் பார்த்துவிட்டு எங்களை நோக்கிச் சத்தம் போட்டார். "இன்னும் ஏறல மொதலாளி! இன்னும் கொஞ்ச நேரம்..."

ஹாரன் அவரை முடிக்க விடவில்லை.

பெண்கள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். அவர்களில் ஒருவர் போகிற போக்கில் போர்மேனிடம், "ஒங்க கையி மரத்துப் போயிருச்சுய்யா, ஆஸ்பத்திரியில காட்டுங்க" என்றார். அவர்தான் அந்த மனைவி என்று பிறகு தெரிந்தது. அண்ணாச்சி மாப்பிள்ளையைப் பார்த்து, "டீ ஆறுது, குடிங்க. எல்லா ஷெட்டுக்கும் போட்ருவோம்" என்றார்.

பேத்தியை விருதுநகரிலேயே சேர்த்தோம். பெட்டி மாட்டிய ஒவ்வொரு கம்பத்தின் அடியிலும் ஒரு பழம் தொங்கியது. மாப்பிள்ளை பொத்தானைப் பெட்டியின் அடிப்பக்கத்துக்கு மாற்றிவிட்டார். சாமிக்கும் சிப்புக்கும் இனி தகராறு இல்லை.

சீசன் முடிந்து, பட்டாசுக் காகிதம் தெருவெல்லாம் கிடக்க, ஊரே வீட்டுக்குள் படுத்திருந்த ஒரு காலையில் மாப்பிள்ளை கம்ப்யூட்டரிலிருந்து என்னைக் கூப்பிட்டார். எங்கள் கடிதத்தைக் கம்பெனி பரிசீலித்திருந்தது. இது பிழையல்ல, வடிவமைப்பே அப்படித்தான் என்றது. சிரமப்படுகிறவர்கள் திரை அணையாதபடி எப்போதும் எரியவிட்டு வைத்துக்கொள்ளலாம் என்று ஆலோசனையும் சொன்னது. அதாவது, புதுப் பழம் மாற்றச் சொல்லியிருந்தது. பதில் கிடைத்த நாள்: தீபாவளிக்கு மறுநாள்.