மட்கார்டு இல்லாத சைக்கிள்

வருடத்தின் கடைசி ஞாயிறன்று எங்கள் சைக்கிள் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. இருப்பவர்களில் மெதுவாக மிதிப்பவர்தான் முன்னால் போக வேண்டும். அவரை யாரும் முந்தக் கூடாது. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு இந்த முறை அந்த இடம் எனக்கு வந்தது. இவர்களையெல்லாம் மூச்சிரைக்க விட்டவன் நான். எரிச்சலாக இருந்தது.

ராஜபாளையத்தில் கிளம்பும்போதே மலையை மேகம் மூடியிருந்தது. "மழை வந்தா திரும்பிருவோமா?" என்றேன். எல்லோரும் எனக்குப் பின்னால் வரிசையில் நின்றுகொண்டார்கள். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. கோபத்தில் தலையைக் குனிந்துகொண்டு மிதித்தேன். ஒருவர்கூட என்னை முந்தவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் டீக்கடை முன்னால் இறங்கித் திரும்பிப் பார்த்தேன். எனக்கு அடுத்து வந்த மருந்துக்கடைக்காரரின் முகத்தில் கண் மட்டும்தான் தெரிந்தது. மற்றதெல்லாம் என் பின்சக்கரம் வாரியடித்த சேறு. வேகத்துக்காக மட்கார்டை நான் எப்போதோ கழற்றிப் போட்டிருந்தேன். அந்தக் காலத்தில் எனக்குப் பின்னால் யாரும் அவ்வளவு நெருங்கி வந்ததில்லை.

"முந்திப் போயிருக்கலாம்ல?" என்றேன்.

"அதெப்படிப் போறது?" அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அடுத்த வருசத்துக்குள்ள ஒண்ணு மட்கார்டை மாட்டுங்கண்ணே, இல்ல பழைய வேகத்துக்கு வந்துருங்க."

வீட்டுக்கு வந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்தேன். மறுநாளும் தேய்த்தேன். மட்கார்டு மட்டும் வாங்கவே இல்லை.