வெறுங்கால் கேள்விக்குப் பூஜ்யம்

எங்கள் கிளினிக்கில் வலிக்கு மார்க் போடுகிறார்கள். வலியே இல்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியவில்லை என்றால் பத்து. பள்ளிக்கூடத்தில் மார்க்குக்குப் பயந்தே எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். துபாய்க்கு வந்து தரை துடைக்கிற இடத்திலும் அது என்னை விடவில்லை. ஊரில் கால் வலி என்று டாக்டரிடம் போனால், குத்துகிறதா, குடைகிறதா, விண்விண் என்று தெறிக்கிறதா என்று கேட்பார். இங்கே கால் வலிக்கென்றே ஒரு தாள் இருக்கிறது. படியேறும்போது எவ்வளவு, நிற்கும்போது எவ்வளவு என்று பக்கம் நிறையக் கேள்வி. எல்லாவற்றையும் கூட்டி வருகிற எண்ணைப் பார்த்துத்தான் டாக்டர் மருந்தைக் கூட்டுவார், குறைப்பார். நம் ஆட்களில் சிலர் எல்லாவற்றுக்கும் பத்து சொல்வார்கள். மற்றவர்கள், அன்ஃபிட் என்று எழுதி ஊருக்கு ஏற்றிவிடுவார்களோ என்று பயந்து எல்லாவற்றுக்கும் பூஜ்யம் சொல்வார்கள். எனக்கும் குதிகாலில் வலி உண்டு. யாராவது கேட்டால் நான் பூஜ்யக் கட்சி.

எனக்குச் சீனம் பேச வரும். படித்து வந்ததில்லை. துபாய்க்கு முன்னால் ஒன்பது வருஷம் தோஹா தொழில்பேட்டையில், ஒரு சீனக் கம்பெனியின் கேம்ப் சமையற்கட்டில் காய் நறுக்கினேன். காதில் விழுந்தது நாக்கில் ஏறிக்கொண்டது. வசவுதான் முதலில் வந்தது, சோறும் தண்ணீரும் பிறகு. எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. இதை யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல்தான் இருந்தேன். தெரிந்தால் கூப்பிடுவார்கள், கூப்பிட்டால் தப்பு வரும், தப்பு வந்தால் விசா போகும். என் மனசு எப்போதும் இந்தப் பாதையில்தான் ஓடும். ஒரு நாள் பாத்ரூம் தேடிய சீனக் கிழவர் ஒருவருக்கு வாய் தவறி வழி சொல்லிவிட்டேன். ரிசப்ஷனில் இருக்கும் ரஜனி அக்கா அதைக் கேட்டுவிட்டார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர்.

எங்கள் கிளினிக்குக்கு மூட்டுவாதத்தோடு சீனர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். அவர்களுக்காக அந்தத் தாளைச் சீனத்தில் ஆக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு மொழிபெயர்ப்பாளர் பெண் எழுதிக் கொடுத்ததை நோயாளிகளிடம் கேட்டுக் கேட்டு, சரியாக விளங்குகிறதா என்று பார்க்கிற வேலை. ஒரு வியாழக்கிழமை அந்தப் பெண் வரவில்லை.

“தம்பி, உமக்குச் சீனம் தெரியுமெல்லோ? ஒருக்கா உள்ளுக்கு வாரும்.”

“அக்கா, நான் க்ளீனர்க்கா. கையில மாப்பு இருக்கு.”

“மாப்பை வெளியில வையும். வாயை மட்டும் கொண்டு வாரும்.”

உள்ளே சென் ஆயி உட்கார்ந்திருந்தார். ஆயி என்றால் அவர்கள் பேச்சில் சித்தி, அத்தை மாதிரி. விளக்குக் கடை வைத்திருக்கும் அம்மா, அறுபது வயது இருக்கும். முடக்குவாதத்தில் கால்விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கிடந்தன. என்னைப் போலவே பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவராம். அச்சடித்த தாளைப் படிக்க அவருக்கு வரவில்லை. ரஜனி அக்கா ஆங்கிலத்தாளைப் பார்த்துத் தன் தமிழில் சொல்ல, நான் அதை என் தமிழாக்கி, அதிலிருந்து சமையற்கட்டுச் சீனத்தில் இறக்கினேன். ஒவ்வொரு கேள்விக்கும் சட்டைக்குள் வேர்வை ஓடியது.

“வீட்டுக்குள்ள வெறுங்காலோட நடக்கேக்க எவ்வளவு நோகுது எண்டு கேளும்.”

கேட்டேன். ஆயி தலையை ஆட்டி “மெய்யோ” என்றார். இல்லை என்று அர்த்தம்.

“ஒண்டும் இல்லையாமோ?”

“இல்லக்கா. பூஜ்யம்.”

வெறுங்காலோடு நிற்கும்போது? மெய்யோ. படுக்கையை விட்டு எழுந்து வெறுங்காலில் முதல் அடி வைக்கும்போது? மெய்யோ. மூன்று பூஜ்யம் விழுந்தது. தாளின் அடியில், மொழிபெயர்த்தவர் என்று ஒரு கோடு. “சைன் வையும்” என்றார் அக்கா. தமிழில் என் பெயரை எழுதினேன். பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் போட்டதற்குப் பிறகு நான் போட்ட பெரிய கையெழுத்து அதுதான்.

டாக்டர் எகிப்துக்காரர், பெரியவர். கூட்டி வந்த எண் போன தடவையைவிடக் குறைந்திருந்ததில் அவருக்குச் சந்தோஷம். மருந்து வேலை செய்கிறது, திங்கட்கிழமையிலிருந்து ஒரு மாத்திரையை நிறுத்தலாம் என்றார். அதையும் நான்தான் சொன்னேன். ஆயி டாக்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு “ஹாவ், ஹாவ்” என்றார். நல்லது, நல்லது. டாக்டரை எதிர்த்துப் பேசாத பழக்கம் அவர்கள் ஊரிலும் நம் ஊர் மாதிரியேதான். அவர் போன பின்னால் மாப்பை எடுத்துக்கொண்டு வந்தேன். நடையின் கண்ணாடிச் சுவரில், வாசல் வரைக்கும், இரண்டடிக்கு ஒன்றாக உள்ளங்கைத் தடம் பதிந்திருந்தது. சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் போயிருக்கிறார். துடைக்கிறவன் நான்தானே, துடைத்தேன். வலியில்லாதவர் எதற்காகச் சுவரைப் பிடிக்க வேண்டும் என்று அப்போதே உள்ளே ஏதோ உறுத்தியது.

சாயங்காலம் கராமாவில் எங்கள் ரூம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, டைல்ஸ் மேல் கால் வைத்தேன். குதிகாலில் சுருக்கென்றது. அந்த இடத்திலேயே தோஹா ஞாபகம் வந்தது. சமையற்கட்டு மேஸ்திரி லாவ் லியூ, கட்டிலிலிருந்து காலை இறக்கினால் தரையில் படவிடமாட்டார். நேராக பிளாஸ்டிக் செருப்புக்குள் விடுவார். குளிக்கப் போனாலும் செருப்பு, பீரோ திறக்கப் போனாலும் செருப்பு. நான் வெறுங்காலோடு நடப்பதைப் பார்த்தால், காலிலிருந்துதான் குளிர் ஏறும் என்று கரண்டியோடு வருவார். ஒன்பது வருஷத்தில் அந்த ஆளின் உள்ளங்காலை நான் பார்த்ததில்லை. அப்படியென்றால் சென் ஆயியும் வீட்டில் வெறுங்காலோடு நடப்பதே கிடையாது! நடக்காததற்கு எப்படி வலி இருக்கும்? வீடென்றால் வெறுங்கால் என்று பிறந்து வளர்ந்த நானும் ரஜனி அக்காவும் அதைக் கொண்டுபோய் வலி இல்லை என்று எழுதிவிட்டோம்.

“என்ன மாப்ள, வாசல்லயே நிக்கிற? செருப்ப எவனாச்சும் தூக்கிட்டானா?” என்றான் முருகேசன். பக்கத்துக் கட்டில்காரன், எங்கள் பெரம்பலூர்ப் பக்கம். அவனிடம் சொன்னேன்.

“வாய மூடிக்கிட்டுக் கெட. க்ளீனரு நீ, டாக்டருக்குப் பாடம் எடுக்கப் போறியா? கலாஸ், அதோட முடிஞ்சுது. விசாவக் கேன்சல் அடிச்சு ஊருக்கு ஏத்தி விட்ருவான்.”

வெள்ளிக்கிழமை முழுக்க அந்தக் ‘கேன்சல்’தான் காதில். ஊரில் இருப்பவர்களுக்கு இந்தப் பயம் புரியாது. அங்கே வேலை போனால் வேலை மட்டும்தான் போகும். இங்கே நிற்கிற தரையும் சேர்ந்து போகும். இரண்டு தடவை ரிசப்ஷன் வரைக்கும் போய், சும்மா மேஜையைத் துடைத்துவிட்டுத் திரும்பினேன். ஆனால் மாத்திரை நிற்கப்போவது திங்கட்கிழமை. அந்தத் தாளில் இருந்தது என் கையெழுத்து. அந்த அம்மா படுக்கையை விட்டு எழ முடியாமல் போனால், அது என் பெயரால் ஆகும். இரண்டு பயத்தில் எது பெரிது என்று நிறுத்துப் பார்த்தே வெள்ளி போயிற்று.

சனிக்கிழமை ரஜனி அக்காவிடம் சொன்னேன். அவர் முகம் வெளிறிவிட்டது.

“ஐயோ தம்பி, உம்மை உள்ளுக்குக் கூப்பிட்டது நானெல்லோ? முதல்ல என்ர தலைதான் போகும்.” கொஞ்ச நேரம் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார். “சரி, வாரும். ரெண்டு தலையும் ஒண்டாப் போகட்டும்.”

அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, டாக்டர் என்னையே பார்த்தார். முடிந்ததும், “யுவர் நேம்?” என்று கேட்டுவிட்டு என் சட்டையில் இருந்த கார்டை நோக்கி விரலை நீட்டினார். தீர்ந்தது என்று நினைத்தேன். கார்டைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ரஜனி அக்காதான், “எடும் தம்பி, பேரை வாசிக்கத்தான் கேட்டவர்” என்று முணுமுணுத்தார்.

அன்று மதியமே ஆயியை வரவழைத்தார்கள். ஏன் பூஜ்யம் சொன்னீர்கள் என்று கேட்டேன். “வெறுங்காலில் யார் நடப்பார்கள்? நீ கேட்டாய், நான் இல்லை என்றேன்” என்றார், கேட்ட நான்தான் முட்டாள் என்பதுபோல. ஷூவைக் கழற்றி நடந்து காட்டச் சொன்னார் டாக்டர். ஆயி அந்த வெள்ளைத் தரையை ஏதோ குளத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். “குளிர் ஏறுமே” என்றார் என்னிடம் மட்டும். நான் தோளைக் கொடுத்தேன். முதல் அடியில் அவர் விரல்கள் என் தோளில் இறங்கின. இரண்டாவது அடியில் நகம் சட்டையைத் தாண்டிவிட்டது. மூன்றாவது அடி வைக்கவில்லை. எத்தனை என்று நான் கேட்பதற்கு முன்பே “ஜியூ” என்றார். ஒன்பது.

மாத்திரையை நிறுத்தவில்லை. மூன்று பூஜ்யத்தையும் அடித்துவிட்டு, வீட்டுச் செருப்போடு நடக்கும்போது எவ்வளவு என்று கேள்வியையே மாற்றச் சொல்லி டாக்டர் எழுதினார். என் கையெழுத்தையும் ஒரு கோடு போட்டு அடித்தார். அப்பாடா என்று மூச்சு வந்தது. அடித்த கையெழுத்துக்குக்கூட விசாரணை உண்டோ என்ற பயமும் கூடவே வந்தது.

விசாரணை வரவில்லை. அடுத்த வாரம் எங்கள் க்ளீனிங் கம்பெனி சூப்பர்வைசர் பாய் போன் பண்ணினார். “மாப்பு உன் காம், பேஷண்ட் உன் காம் இல்ல, சம்ஜா?” துடைப்பது மட்டும்தான் என் வேலையாம், புரிந்ததா என்கிறார். ஒன்றாம் தேதியிலிருந்து வேறு சைட், ஓர் ஆபீஸ் கட்டடம். வேலை போகவில்லை என்பதே எனக்குப் போதும். யார் போட்டுக்கொடுத்தது என்று தெரியாது. “நான் வாயே திறக்கேல்லை தம்பி” என்று ரஜனி அக்கா கண்கலங்கினார். நம்புகிறேன். கிளினிக்கில் கடைசி நாள் அவர் என் கையில் ஒரு பிளாஸ்டிக் பை கொடுத்தார். சென் ஆயி கொடுத்துவிட்டுப் போனதாம். உள்ளே மெத்தென்று ஒரு ஜோடி நீலத் துணிச்செருப்பு. வீட்டுக்குள் போடுவது.

இரண்டு நாள் பெட்டியிலேயே வைத்திருந்தேன். வாசலில் மற்ற செருப்புகளோடு விட்டால் அழுக்காகும். உள்ளே போட்டால் சாமி படம் இருக்கிற ரூம். மூன்றாம் நாள் குதிகால் சொன்னபடி கேட்டேன். “சீனாக்காரனாவே ஆயிட்டியா மாப்ள?” என்று முருகேசன் சிரித்தான். போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், தரை எவ்வளவு தூரத்துக்குப் போய்விடுகிறது என்று.

வெள்ளிக்கிழமை ஊரிலிருந்து என் மனைவி செல்வி வீடியோவில் வந்தாள். கட்டில் கம்பியில் சாய்த்து வைத்த போன் சரிந்து என் காலைக் காட்டிவிட்டது.

“என்னங்க இது, வீட்டுக்குள்ள செருப்பு? யாரு வீட்டுல இருக்கீங்க?”

சிரித்துக்கொண்டே வலது கால் செருப்பைக் கழற்றி, காலைத் தரையில் ஊன்றிக் காட்டினேன். சுருக்கென்று ஏறியது. முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

“கால் வலிக்குதா?”

“சேச்சே, ஒண்ணுமில்ல” என்றேன். இடது கால் செருப்பைக் கழற்றவில்லை.