ஆயிரத்தெட்டு ஸ்டெப்புக்கு ஒருக்க

எங்க தொழில்ல வேலை பாக்குறது கம்ப்யூட்டர்; வாங்கிக் கட்டிக்கிறது நாங்க.

மதுரையில ஒரு காலேஜ்ல எனக்கு இது பி.எச்டி. ஆறாவது வருசம். ஒரு புரதம் சூட்டுல எப்படி அவுந்து, திரும்ப எப்படி மடங்குதுன்னு கம்ப்யூட்டருக்குள்ள ஓட்டிப் பாக்குறேன். அதே புரதத்துக்கு இருபத்து நாலு நகல், ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு சூடு. அப்பப்ப பக்கத்துப் பக்கத்து நகல்கள் இடம் மாத்திக்கும். கம்ப்யூட்டர் புரதத்தை இம்மியளவு நகத்துறது ஒரு ஸ்டெப். நான் வைக்க வேண்டியது ரெண்டே நம்பர். எத்தனை ஸ்டெப்புக்கு ஒருக்க இடம் மாத்தணும், எத்தனை ஸ்டெப்புக்கு ஒருக்க புரதம் இருக்கிற நிலையை டிஸ்க்ல எழுதி வைக்கணும். இதை ஓட்டுற பெரிய மிஷின் எங்களுக்கு நாப்பது நாள்தான், அப்புறம் வேற டிபார்ட்மென்டுக்குப் போயிரும். அதுக்குள்ள முடியலைன்னா தீசிஸ் குடுக்குற கடைசித் தேதி தாண்டிரும், ஆறு வருசமும் வீண். இதே மாதிரி ஏதோ ஒரு லேப்ல வெந்துக்கிட்டு இருக்கிற உங்ககிட்ட சொல்லாம இதை யார்கிட்ட போய்ச் சொல்ல?

பத்துக்கு ஒருக்க

முதல் நாளே எங்க கைடு சார் பின்னால வந்து நின்னாரு. "விவரமா எழுதி வைம்மா, பத்து ஸ்டெப்புக்கு ஒருக்க"ன்னாரு. ஆயிரத்துக்கு ஒருக்க எழுதினாலே தாராளம் சார்னு சொன்னேன். மூஞ்சி சுருங்கிருச்சு. உங்க கைடு மூஞ்சி சுருங்கினா நீங்க என்ன செய்வீங்களோ, அதையேதான் நானும் செஞ்சேன். பத்துன்னு வச்சேன்.

மூணாம் நாள் காலையில வந்து பாத்தா டிஸ்க் நெறஞ்சு இருபத்து நாலு நகலும் அப்படியே நின்னு கெடக்கு. அது காலேஜுக்கே பொது டிஸ்க். மத்தவங்க வேலையும் சேந்து படுத்திருச்சு. அம்புட்டுப் பேரும் என்னையத்தான் வைதாங்க. விறுவிறுன்னு சார் ரூமுக்குப் போனேன். டீயை ஆத்திக்கிட்டே கேட்டாரு: "ஏம்மா, டிஸ்க்ல எம்புட்டு எடம் இருக்குன்னு பாக்க மாட்டியா?"

கூட்டினா ஒம்போது

எழுதுறது ஆயிரம், இடம் மாத்துறதும் ஆயிரம்னு வச்சு மறுபடி ஆரம்பிக்கப் போனேன். ரெண்டும் ஒத்துப்போனாத்தான் பின்னால எது எந்த நகல்னு பிரிச்சு எடுக்குறது லேசு. சார் மறுபடி வந்து நின்னாரு. அவரு கார் நம்பர், செல் நம்பர், வீட்டு நம்பர் எதைக் கூட்டினாலும் ஒம்போது வரும். "மொட்டையா ஆயிரம்னு வைக்காத. இடம் மாத்துறது ஆயிரத்தெட்டுன்னு வை"ன்னாரு. கோயில்ல சங்காபிஷேகம் பண்றோம்னு நெனச்சாரோ என்னமோ.

பேப்பர்ல கணக்குப் போட்டே காட்டினேன். ஆயிரமும் ஆயிரத்தெட்டும் ஒண்ணா வர்றதுக்கு ஒரு லட்சத்து இருபத்தாறாயிரம் ஸ்டெப் ஆகும் சார்னு சொன்னேன். கேக்கலை. எந்த நகல் எப்ப எங்க போச்சுங்கிறதை மிஷின் லாக் ஃபைல்ல எழுதிக்கிட்டே வரும், அதை வச்சு எப்படியாச்சும் தேத்திரலாம்னு பல்லைக் கடிச்சுக்கிட்டேன். மிஷினுக்குக் குடுக்குற ஸ்கிரிப்ட்ல, எந்த நம்பரை யார் சொன்னாங்கன்னு பக்கத்துலயே ஒரு வரி குறிச்சு வைக்கிறது என் பழக்கம். அன்னைக்கும் குறிச்சேன். சார் என் மேசையைத் தட்டிச் சொன்னாரு: "சாமி நம்பரும்மா, ரிசல்ட் எப்படி வருதுன்னு மட்டும் பாரு."

மாசக் கடைசி சுத்தம்

முப்பது நாள் ஓடி நல்லபடியா முடிஞ்சுச்சு. மறுநாள் ஃபோல்டரைத் திறந்தா லாக் ஃபைல் ஒண்ணு கூட இல்லை. சிஸ்டம் ரூம்ல முத்து அண்ணன்தான் எல்லாத்தையும் பாத்துக்கிறவரு. டிஸ்க் நெறஞ்ச கூத்துக்கு அப்புறம், மாசக் கடைசியில லாக் ஃபைலை எல்லாம் தானா அழிக்கிற மாதிரி அவரு ஒரு ஏற்பாடு பண்ணி வச்சிருக்காரு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை.

ஒரு நகல் கடைசி வரைக்கும் எங்கெங்க போச்சு, எப்ப அவுந்துச்சு, எப்ப மடங்குச்சுங்கிறதுதான் என் தீசிஸே. இப்ப கையில இருக்கிறது இருபத்து நாலு பேரோட டைரியைக் கிழிச்சு, பேர் இல்லாம கலந்து கட்டின கட்டு. லாக்கை நான் வேற எடத்துல எடுத்து வைக்காதது என் தப்பு, ஒத்துக்கிறேன். ஆனா அதுக்காக? "அண்ணே, கேக்காமக் கொள்ளாம எப்படிண்ணே அழிப்பீங்க?"ன்னு வராண்டா முழுக்கக் கேக்கக் கத்தினேன். அவரு அசரவே இல்லை: "லாக்குன்னா குப்பைதானம்மா? அன்னைக்கு டிஸ்க்கை நெறச்சது யாரு, நீதான?"

கப்பலூர் கேள்வி

கே.கே. நகர் வீட்டுக்கு வந்து பையை விட்டெறிஞ்சேன். என் வீட்டுக்காரர் கப்பலூர்ல ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில சரக்கைச் சோதிச்சுப் பாக்குறவரு. நான் அழுது முடிக்கிறதுக்குள்ள பையை எடுத்து ஆணியில மாட்டினாரு. அப்புறம் கேட்டாரு: "எங்க கம்பெனியில ஒருத்தன் ரிஜிஸ்டரைத் தூக்கிப் போட்டா கேட்டுக்கு வெளிய நிப்பான், உங்க காலேஜ்ல என்ன, தூக்கிப் போட்டவன் உள்ள இருக்கான், நீ வெளிய நிக்கிற?"

கமிட்டி

ராத்திரி பூரா அந்தக் கேள்விதான் மண்டைக்குள்ள ஓடுச்சு. மிஷின்ல மிச்சம் இருந்தது நாலே நாள், திரும்ப ஓட்ட முப்பது நாள் வேணும். கூடுதல் நாள் கேட்டு, என் பி.எச்டி.யைப் பாக்குற கமிட்டி முன்னால போய் நின்னேன். நான் வாயைத் திறக்குறதுக்கு முன்னாடி சார் முந்திக்கிட்டாரு: "பொண்ணு நம்பரைக் கவனமா வைக்கலை, அதான் பிரச்சினை." ஆறு வருசமா தலையாட்டினது போதும்னு, ஓட்டின ஸ்கிரிப்ட் ரெண்டையும் திரையில போட்டேன். வெளியூர்ல இருந்து வந்திருந்த மேடம் கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டு, என் குறிப்பைச் சத்தமா வாசிச்சாங்க. "எழுதுறது பத்து, சார் சொன்னது. இடம் மாத்துறது ஆயிரத்தெட்டு, சார் சொன்னது, நான் வேணாம்னேன்."

சார் பேனா மூடியைக் கழட்டிக் கழட்டி மாட்டினாரு. மேடமே பேசி, மிஷினை இன்னும் நாப்பது நாளைக்கு எனக்கு வாங்கிக் குடுத்தாங்க, கடைசித் தேதியையும் தள்ளி வச்சாங்க. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்துச்சு. வெளிய வந்ததும் சார் பக்கத்துல வந்து ரகசியமாச் சொன்னாரு: "இந்தத் தடவை ஆயிரத்தெட்டு வேணாம்மா, மொய் மாதிரி ஆயிரத்தொண்ணுன்னு வச்சுக்குவோம்."

ஆயிரம்னே வச்சு, பக்கத்துல 'நான் சொன்னது'ன்னு குறிச்சு, லாக்கை தினமும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன். இருபத்து நாலு நகலும் ஒழுங்கா மாறிக்கிட்டு இருக்கு, மாறாதது எங்க சார் ஒருத்தர்தான்.