கீழ்த்தளத்தில் மட்டும் வலித்த கால்

பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில், லிஃப்டுக்குள் எடை மெஷின் மேல் நிற்கும் ஒரு மனிதன் வருவான். கொல்லிமலையில் எங்கள் பள்ளியில் வருடம் தவறாமல் அவனை நான் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். மலையில் லிஃப்ட் கிடையாது. அவ்வளவு உயரக் கட்டடம் இருந்தால்தானே! “மேலே போனாக் கனம், கீழே போனா லேசு” என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஏறுவதும் இறங்குவதும் கணக்கில்லை, வேகம் மாறுவதுதான் கணக்கு என்று கரும்பலகையைத் தட்டித் தட்டிச் சொல்வேன். ஒரே சீராகப் போகும் லிஃப்டில் அவன் எடை அவன் எடைதான். கிளம்பும்போதும் நிற்கும்போதும் மட்டும்தான் முள் அசையும். இவ்வளவு சொல்லியும் பரீட்சையில் பாதிப் பேர் பழையபடியே எழுதி வைப்பார்கள்.

அந்த மனிதன் ஒருநாள் என் வீட்டுக்காரராக வந்து நிற்பார் என்று நான் நினைக்கவில்லை.

மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்போம். அவருக்குத் திருப்புலி நாட்டில் மிளகுத் தோட்டம். நான் பைல் நாட்டில் பிறந்தவள், கல்யாணமாகி அங்கே போனேன். சில்வர் ஓக் மரங்களில் படர்ந்திருக்கும் கொடியிலிருந்து மிளகு பறிக்க ஒற்றை மூங்கில்தான் ஏணி, கணுவில் கால் வைத்து ஏற வேண்டும். விவரம் தெரிந்த நாளிலிருந்து அதில் ஏறுகிறவர், ஒரு தை மாதப் பனி ஈரத்தில் வழுக்கி விழுந்தார். தொடையெலும்பு இரண்டாகிப்போனது. ஜீப்பில் படுக்க வைத்துக் கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கினோம். ஒவ்வொரு வளைவிலும் அவர் கத்திய கத்தலை இன்றைக்கும் என்னால் முழுதாக நினைத்துப் பார்க்க முடிவதில்லை. அடிவாரத்தில் காரவள்ளி வந்து ரோடு நேரான பிறகுதான் அடங்கினார்.

சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் தொடைக்குள் கம்பி வைத்தார்கள். வார்டு நான்காவது மாடியில், பயிற்சி அறை கீழ்த்தளத்தில். பயிற்சி தருகிற பெண் ஒரு எடை மெஷினைத் தரையில் வைத்து, அடிபட்ட காலை மட்டும் அதில் ஊன்றச் சொன்னாள். முள் இருபது கிலோவைத் தாண்டக் கூடாது. அந்த அழுத்தம் எவ்வளவு என்று காலுக்குப் பழகிவிட்டால், வாக்கரைப் பிடித்து நடக்கும்போதும் அதற்கு மேல் ஊன்றாது. பயிற்சியை விட்டால் முட்டி இறுகி, கால் சூம்பி, ஆயுசுக்கும் தாங்கித் தாங்கித்தான் நடக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

முதல் நாள், அவருக்குத் தைரியம் வரட்டும் என்று நானே முதலில் மெஷினில் ஏறி நின்றேன். முள் ஐம்பத்தெட்டைக் காட்டியது.

“ஒரு மூட்ட மொளகு, அதுக்கு மேல எட்டுக் கிலோ. லோடு ஏத்தலாம் புள்ள,” என்றார். மூட்டை என்றால் எங்களுக்கு ஐம்பது கிலோ. விழுந்த பிறகு அவர் சிரித்தது அன்றுதான்.

வாக்கரைப் பிடித்து நின்றபடியே லிஃப்டில் போய் வந்துகொண்டிருந்தோம். கொஞ்ச நாளில் அவர் முகம் மாறியது. லிஃப்ட் கீழ்த்தளத்தில் வந்து நிற்கும்போது தொடையில் சுருக்கென்று குத்துகிறதாம். பயிற்சி முடிந்து கீழேயிருந்து கிளம்பும்போது மறுபடியும் குத்துகிறதாம். நான்காவது மாடியில் மட்டும் கிளம்பினாலும் நின்றாலும் ஒன்றுமில்லையாம். இதையெல்லாம் படுத்தபடியே யோசித்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்.

“கீழ எறங்குனா வலிக்குது. மேல வந்தா நோவே இல்ல. நமக்குக் கீழ்நாடு ஒத்துக்கல புள்ள. மலைக்குப் போயிட்டா எல்லாஞ் சரியாப் போயிரும்.”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நாலே மாடிதானுங்க வித்தியாசம்!”

“நாலு மாடிக்கே இந்தச் சொகம்னா, மலையில எப்புடி இருக்கும்னு நெனச்சுப் பாரு.”

மறுநாள் கீழே இறங்க மாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்து, கம்பியும் எலும்பும் நன்றாகத்தான் இருக்கின்றன என்றார்கள். “படத்துக்கு வலி தெரியுமா?” என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆத்திரம் அடங்கியதும் பயம் வந்தது. எங்கள் வீடு சரிவில் இருக்கிறது. தாங்கித் தாங்கி நடக்கிறவர் அந்தச் சரிவில் எப்படிப் பிழைப்பார்? குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு குளியலறையில் அழுதேன்.

மறுநாள் காலையில் டீ வாங்க ஃபிளாஸ்க்கோடு லிஃப்டில் இறங்கினேன். தூக்கமில்லாமல் கண்ணை மூடியபடி நின்றிருந்தேன். கீழ்த்தளத்தில் லிஃப்ட் நின்றபோது என் முழங்கால் தானாக மடங்கியது. லிஃப்ட் சுவரைப் பிடித்துச் சமாளித்தேன். அப்போதுதான் உறைத்தது. இறங்கி வந்து கீழே நிற்கும்போதும் கனம், கீழேயிருந்து மேலே கிளம்பும்போதும் கனம். மேலே இரண்டு முறையும் லேசு. வருடக்கணக்காக நான் போட்ட கணக்குத்தான். கரும்பலகையில் தெரிந்தது காலில் தெரிய இவ்வளவு நாளாயிற்று!

பயிற்சிப் பெண்ணிடம் கெஞ்சி மெஷினை வாங்கி வந்தேன். காலை ஊன்றவே வேண்டாம், வேடிக்கை பார்த்தால் போதும் என்று சத்தியம் பண்ணி அவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று வாக்கரை மடக்கிப் பின்னால் மாட்டிக்கொண்டேன். மெஷினை லிஃப்டுக்குள் வைத்ததும் லிஃப்ட்காரர், “ஏனுங்கம்மா, இது ஆளு போற லிஃப்டுங்களா, மளிகைக் கடைங்களா?” என்றார். நான் காதில் வாங்கவில்லை. குனிந்தால் முள் ஆடும் என்று நேராகப் பார்த்தபடி மெஷினில் நின்றேன். முள் போகிற திசையை மட்டும் சொல்லுங்கள் என்றேன்.

“எறங்குது. மறுக்கா ஏறி நின்னுருச்சு. அப்புடியே நிக்குது. அட, மேல ஏறுதே!”

“இப்ப எங்கீங்க இருக்கறோம்?”

“கீழ வந்துட்டம்.”

திரும்ப மேலே போனோம். கீழே கிளம்பும்போது முள் ஏறியது, மேலே நிற்கும்போது இறங்கியது.

“எனக்கும் கீழதானுங்க கனக்குது. எனக்கென்ன தொடையில கம்பியா வச்சிருக்குது? லாரியில இருந்து எறக்குற மூட்டையத் தோள்ல வாங்குறப்ப, அதை நிறுத்துற வரைக்கும் கூடுதலா அமுக்குமில்லீங்க? அதுதான் இது. உங்க காலு நல்லாத்தான் இருக்குது.”

முள்ளையே பார்த்தபடி அவர், “இன்னொருக்கா போலாம்,” என்றார். லிஃப்ட்காரர் பெருமூச்சு விட்டார். மறுபடியும் இறங்கினோம். இந்த முறை முள் ஏறுகிறதா இறங்குகிறதா என்று அவர் சொல்லவே இல்லை. பாதி வழியில் கேட்டார்.

“நடுவுல ஆடாம நிக்குதே, அதுதான் நெசமான எடையா?”

“ஆமாங்க.”

“எட்டுல அஞ்சக் காணமே புள்ள.”

எனக்கு முதலில் புரியவில்லை. குனிந்து பார்த்தேன். ஆடிய முள் ஐம்பத்து மூன்றில் வந்து நின்றது. இத்தனை நாளும் பன்னும் டீயும்தான் என் சாப்பாடு, கட்டிலுக்கு அடியில்தான் படுக்கை. ரவிக்கை தொளதொளத்ததைக்கூட நான் கவனிக்கவில்லை. “மெஷின் பழசுங்க,” என்றேன். இருபது கிலோவுக்கு அவர் நம்பிய அதே மெஷின்தான்.

லிஃப்ட் கீழே வந்து நின்றது. கதவு திறந்ததும் அவர் வாக்கரைக் கேட்டார். கையை ஊன்றி எழுந்தார். அடிபட்ட காலை மெல்லத் தரையில் வைத்தார். பிடிக்கப் போன என் கையை விலக்கிவிட்டார்.

“பயிற்சி ரூமுக்கு நானே போய்க்கறேன். நீ போயி சோறு தின்னுட்டு வா.”

வாக்கரைத் தள்ளித் தள்ளி அவர் போனார். லிஃப்ட்காரர் முணுமுணுத்துக்கொண்டே மெஷினைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தார். கேண்டீன் பயிற்சி அறைக்கு அடுத்ததுதான். “இருவது... இருவது...” என்று என் வீட்டுக்காரர் முனகுவது சுவருக்கு அந்தப்பக்கமிருந்து கேட்டது. சோற்றைப் பிசைந்துகொண்டே அழுதேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தட்டுச் சோறு கேட்டு வாங்கித் தின்றேன்.