செங்கமலத்தக்காவின் கடைப்பலகையில் ஒரு காலி வரி

திரிங்காப்பில் ஒரு பூ வியாபாரியின் கடைக்கு முன்னால் ஏணி போட்டுப் பலகை எழுதிக்கொண்டிருந்தேன். காய்கறி லோரி ஒன்று வந்து ஓரமாக நின்றது. ஆ ஹோங்கின் லோரி. ஹார்ன் அடிக்காமல் என்னைக் கடந்து போகிற ஆளில்லை அவன். அன்றைக்கு அடிக்கவில்லை. இறங்கி வந்து ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"வேலு, நீ கீழ வா மொதல்ல. மேல நின்னு கேக்கற சேதி இல்ல லா."

இறங்கினேன். செங்கமலத்தக்கா மத்தியானம் தன் டீக்கடையிலேயே போய்விட்டார் என்றான். அவனுக்குத்தான் டீ ஆற்றிக்கொண்டிருந்தாராம். "எனக்குப் போட்ட டீ, வேலு. இன்னும் அங்கதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அழுதான். ஐம்பதைத் தாண்டிய சீனன், நடுரோட்டில் நின்று தமிழில் அழுததைத் திரிங்காப்பே வேடிக்கை பார்த்தது. தூரிகையைக் கழுவக்கூட இல்லாமல் அவன் லோரியில் ஏறிவிட்டேன்.

எரிக்கப் போன இடத்திலும் பிறகு பதினாறாம் நாள் காரியத்திலும் ஒரே பேச்சுதான் காதில் விழுந்தது. "பாவம், கடைசி வரைக்கும் செவப்பு அட்டையோடயே போயிட்டாங்க." சொன்னவர்கள் அக்காமேல் பிரியம் உள்ளவர்கள்தான். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாவம் என்று யாரும் தன்னைச் சொல்லிவிடக் கூடாது என்றே வாழ்ந்த ஒருத்தியை, வாயைத் திறந்து பதில் சொல்ல முடியாத நேரம் பார்த்து அப்படிச் சொல்கிறோம். அதனால்தான் இதை எழுதுகிறேன். ரிங்லெட்டிலிருந்து மேலே ஏறும் வழியில் அந்தத் தகரக் கொட்டகையில் நின்று ஒரு முறையாவது டீ குடித்த உங்களுக்காக எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில், குடியுரிமை இல்லாத சிவப்பு அட்டைக்காரர்கள் வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டும் என்று வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். தோட்டம் தோட்டமாக ஆட்கள் தகரப் பெட்டியைக் கட்டினார்கள். என் அப்பா எப்படியோ முன்யோசனையாக எனக்குக் குடிமகன் என்கிற நீல அட்டை வாங்கி வைத்திருந்தார். அக்காவுக்கு அப்படி யாரும் இல்லை. அவர் பிறந்ததை எந்த ஆபீசிலும் யாரும் எழுதி வைக்கவில்லை. அவருடைய கணவர் தமிழ்நாட்டுக்குத் திரும்புவது என்று முடிவு செய்தார். லயத்து வரிசை வீடுகளில் எல்லோர் காதிலும் விழும்படி அக்கா சொன்ன பதில் இது:

"அது ஒங்க ஊரு, நீங்க போங்க. நான் இந்த மூணாம் லயத்துல பொறந்தவ. நான் எங்கேருந்து வந்தேன், அங்க திரும்பிப் போறதுக்கு?"

அவர் போனார். அக்கா கைக்குழந்தை மல்லிகாவோடு நின்றார். பெர்மிட் இல்லாமல் கொழுந்து பறிக்க விடமாட்டார்கள். பெர்மிட் கேட்டு நின்றால் அந்நியர் என்று தானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று அதற்கும் மறுத்துவிட்டார். தோட்டத்து எல்லைக்கு வெளியே, லோரிகள் மூச்சு வாங்க நிற்கும் திருப்பத்தில், நாலு கழியும் கொஞ்சம் தகரமும் கொண்டு கடை போட்டார். டீ, வடை, வெற்றிலை, கருவாடு, தீப்பெட்டி, அவ்வளவுதான் சரக்கு.

கடை போட்ட வாரமே கங்காணி வந்தார். நல்ல மனுஷர், கெட்ட எண்ணம் கிடையாது. அந்தக் காலத்தில் எல்லோரும் செய்துகொண்டிருந்த வழியைத்தான் சொன்னார். சிவப்பு அட்டைக்காரருக்கு லைசன்ஸ் தரமாட்டார்கள். நீல அட்டை உள்ள ஒருவர் பெயரில் எடுத்து, பலகையிலும் அவர் பெயரையே போட்டுவிட்டு, உள்ளே இவர்கள் வியாபாரம் பார்ப்பார்கள். மலையில் பாதிக் கடைகள் அப்படித்தான் நடந்தன. அந்த இரவல் பெயர்களை எழுதியவனே நான்தானே.

"எம் பேர போட்டுக்க தங்கச்சி, ஒரு காசு வேணாம்" என்றார் கங்காணி.

"டீ குடிங்கண்ணே" என்றார் அக்கா. "புருசன் பேரே வேணாம்னு நிக்கிறேன். ஒங்க பேர வச்சு நான் என்ன பண்ண? என் கடை என் பேர்லதான் நிக்கும். இல்லாட்டி பேரே இல்லாம நிக்கும்."

அவருடைய பிடிவாதம் முழுவதும் அதுதான். வேறு எதையும் அவர் கேட்டதில்லை.

அந்தத் திருப்பத்தில் நிற்காத ஆளே கிடையாது. டீயை நீட்டிக்கொண்டே ஒவ்வொருவரிடமும், "ஒங்க பாசையில இதுக்கு என்னா பேரு?" என்று கொட்டகையைக் காட்டிக் கேட்பது அக்காவின் வழக்கம். ஆ ஹோங், அவர்கள் வீட்டில் போத்தாவ் என்பார்கள், ஹொக்கியன்காரர்கள் தியாம் என்பார்கள் என்றான். தொழிற்சாலைக் காவல்காரர் சிங் துக்கான் என்றார். அது அரபு நாட்டிலிருந்து பஞ்சாப் வரைக்கும் நடந்தே வந்த சொல் என்று மீசையைத் தடவிக்கொண்டார். தோட்டத்துக் கணக்கு எழுதும் மலையாளக் கிராணி, தங்கள் பக்கம் பீடிக என்றும் சொல்வோம், கட என்றும் சொல்வோம் என்றார். இலங்கையில் வேலை பார்த்துவிட்டு வந்த இன்னொரு கிராணி, சிங்களவர்களும் கடே என்றுதான் சொல்கிறார்கள் என்றபோது அக்காவுக்கு ஒரே குதூகலம். "பாத்தியா வேலு, நம்ம கடை எங்கெங்கயோ தொறந்து கெடக்கு!" பிற்பாடு தோட்டத்துக்கு வந்த இந்தோனேசியக்காரர்கள் தோக்கோ என்றார்கள். அது சீனரிடமிருந்து தங்களுக்கு வந்தது என்று அவர்களே சொன்னார்கள். ஆங்கிலத்து ஷாப்புக்கு ஆதியில் சாய்ப்புக் கொட்டகை என்றுதான் பொருள் என்று தோட்டப் பள்ளி வாத்தியார் அகராதியைப் புரட்டிச் சொன்னார்.

"அப்ப ரிங்லெட் டவுன்ல கல்லுக் கட்டடம் கட்டி வச்சிருக்கறதெல்லாம் போலி" என்றார் அக்கா. "என்னுதுதான் அசல் ஷாப்."

மலாய்க்காரர்கள் கெடாய் என்பது எல்லோருக்கும் தெரியும். அதை யாரும் யோசித்துப் பார்ப்பதில்லை. நான் ரிங்லெட்டிலிருந்து கம்போங் ராஜா வரைக்கும் ஏணியைத் தூக்கிக்கொண்டு திரிந்து அந்தச் சொல்லை எத்தனை பலகையில் எழுதியிருக்கிறேன், எனக்கே உறைத்ததில்லை.

பிறகு ஒரு நாள் பலகை எழுதச் சொன்னார். லைசன்ஸ் ஆபீசர் மலை ஏறி வந்துகொண்டிருக்கிறார், பலகை இல்லாத கொட்டகைகளைப் பிரிக்கிறார் என்று பேச்சு அடிபட்ட சமயம். கடை, கெடாய், அதன் கீழே சீன எழுத்து, மூன்றும் ஒரே உயரத்தில் வேண்டும் என்றார். சிங்குக்காகப் பஞ்சாபியும் கேட்டார்; பலகையில் இடமில்லை, எனக்கு அந்த எழுத்தும் வராது என்று தப்பித்தேன்.

"அக்கா, மலாய் பெருசா இருக்கணும். மத்ததெல்லாம் அதுக்குக் கீழ சின்னதா. அதான் சட்டம்" என்றேன்.

"ரெண்டும் ஒரே வார்த்தை. ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசுன்னா எப்படி? நூல் போட்டு அள."

நூல் பிடித்துக் கோடு போட்டு, மூன்று வரியையும் மயிரிழை வித்தியாசமில்லாமல் எழுதினேன். மேலே ஒரு வரிக்கு இடம் விட்டுவிடச் சொன்னார். அது அவர் பெயருக்கு. "அட்டை நீலமானதும் வந்து எழுது." பச்சை வண்ணத்தில் வெறும் வரியோடு அந்தப் பலகை ஏறியது. பார்த்தவர்கள் எல்லாம் பெயின்டர் பெயர் எழுத மறந்துவிட்டான் என்று என்னைக் கேலி செய்தார்கள். பெயரில்லாக் கடை என்று நீங்களும்தான் சொன்னீர்கள்.

ஆபீசர் வந்தபோது நான் உள்ளே உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தேன். எங்கள் வயதுதான் இருக்கும். பஹாசா, அதாவது மலாய், பெரிதாக இல்லையே என்றார். அக்கா, ஒரே வார்த்தைக்கு எதற்கு இரண்டு அளவு என்று என்னிடம் சொன்னதையே சந்தை மலாயில் அவரிடமும் சொன்னார். கோபப்படுவார் என்று நினைத்தேன். மனிதர் சிரித்துவிட்டார். அக்காவை மாச்சேக் என்று மரியாதையாக அழைத்தார். மாச்சேக் சொல்வது சரிதான், எங்கள் பள்ளிக்கூட வாத்தியாரும் சொல்வார், அது தமிழர்கள் கப்பலில் கொண்டு வந்த சொல், கப்பல் என்கிற சொல்லும் அப்படித்தான் என்றார்.

அக்கா டீ ஆற்றுவதை நிறுத்தினார்.

"எப்ப வந்துச்சு, எஞ்சே?" என்று அதே மரியாதையோடு கேட்டார்.

"ரொம்பக் காலத்துக்கு முன்னாடி, மாச்சேக்."

"வந்தப்ப அதுகிட்ட யாராச்சும் சூராத் பெரானாக் கேட்டாங்களா?"

பிறப்புப் பத்திரத்துக்கு மலாயில் அதுதான் பெயர்.

"வெளியேருந்து கப்பல்ல வந்த வார்த்தைக்கு நீல அட்டை குடுத்து வீட்டுக்குள்ள வச்சிருக்கீங்க. நல்லா இருக்கட்டும். நான் இதே மலையில பொறந்தேன். எனக்கு மட்டும் எதுக்கு செவப்பு?"

இதை அவர் மலாயில்தான் சொன்னார். இலக்கணமெல்லாம் தாறுமாறு. ஆனால் ஒரு சொல் புரியாமல் போகவில்லை. கொட்டகை பிரிந்தது என்றே நினைத்தேன்.

ஆபீசர் டீ கோப்பையைக் கீழே வைத்தார். குடியுரிமைக்கு மனுப் போட்டாயிற்றா என்று கேட்டார். போட்டாயிற்று, மலாய்ப் பேச்சுப் பரீட்சையும் முடிந்தது, பிறந்ததற்கு அத்தாட்சி கேட்கிறார்கள், பிரசவம் பார்த்த கிழவியையே கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன், பதில் வரவில்லை என்றார் அக்கா. ஆபீசர் பலகையை இன்னொரு தரம் நிமிர்ந்து பார்த்தார். "பதில் வருகிற வரைக்கும் நான் இதைத் தொடமாட்டேன்" என்றார். அந்தச் சொல்லைக் காப்பாற்றினார். மாற்றலாகிப் போகும்போது அடுத்து வந்தவரிடமும் சொல்லிவிட்டுத்தான் போனார். அவர் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

பதில் வரவே இல்லை. எழுபதுகள் போயின, எண்பதுகளும் முடியப் போகின்றன. மழைக்கு உளுத்த பலகையை இரண்டு தரம் மாற்றி எழுதினேன். இரண்டு தரமும் மேல்வரியைக் காலியாகவே விட்டேன். மல்லிகா ஆஸ்பத்திரியில் பிறந்தவள், பத்திரம் உண்டு, வயது வந்ததும் நீல அட்டை வாங்கிவிட்டாள். லைசன்ஸை என் பேரில் எடுத்துவிடலாம் அம்மா என்று கெஞ்சிப் பார்த்தாள். "ஒனக்கு வேணும்னா ஒனக்கு ஒரு கடை போடு. மகளா இருந்தாலும் இரவல் இரவல்தான்" என்று சொல்லிவிட்டார். அந்த வாரம் முழுக்க அம்மாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. என்னிடம் வந்து, "வேலு மாமா, அம்மாவுக்கு இவ்வளவு வீம்பு ஆகாது" என்று மல்லிகா புலம்பினாள். ஆகாதுதான். ஆனால் அந்த வீம்பு இல்லையென்றால் அந்தத் திருப்பத்தில் கடையும் இல்லை.

பதினாறாம் நாள் முடிந்த மறுநாள் மல்லிகா என்னைக் கூப்பிட்டாள். லைசன்ஸ் அவள் பெயரில் வந்துவிட்டது. பலகையில் கடையின் பெயரை எழுதியே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். மல்லிகா ஸ்டோர் என்று எழுதுவதா என்று கேட்டேன்.

"லைசன்ஸ்தான் என் பேர்ல. கடைக்கு என்னா பேரு வைக்கணும்னு சட்டத்துல இல்ல மாமா. அம்மா பேர எழுதுங்க."

எழுதினேன். ஆ ஹோங் தன் அண்ணனிடம் கேட்டு, 'செங்கமலம்' என்கிற சத்தம் வரும்படியான சீன எழுத்துகளை ஒரு சிகரெட் அட்டையில் வாங்கி வந்திருந்தான். தமிழ், மலாய், சீனம். ஒரு வரிக்கு விட்ட இடத்தில் மூன்றையும் நெருக்கி, நூல் பிடித்து ஒரே உயரத்தில் எழுதினேன். பெயின்ட் காயும் முன்பே இப்போதைய ஆபீசர் மோட்டாரில் வந்து நின்றார். சின்னப் பையன். பஹாசா பெரிதாக இருக்க வேண்டுமே என்றான்.

"தம்பி, இது பேரு. எந்த எழுத்துல எழுதினாலும் ஒரே சத்தம்தான். படிச்சுப் பாருங்க" என்று ஏணியிலிருந்தே சொன்னேன். அவன் பலகையைப் பார்த்து, எழுத்துக் கூட்டி, "செங்-க-ம-லம்" என்று வாசித்தான். உள்ளே மல்லிகா டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். அவன் பலகையை அப்படியே விட்டுவிட்டு மோட்டாரைக் கிளப்பிக்கொண்டு போனான்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். இப்போதெல்லாம் இரவல் பெயரில் பலகை எழுதச் சொல்லி யார் வந்தாலும் எழுதுவதில்லை. உன் பெயரைச் சொல், அதை எழுதுகிறேன், இல்லையென்றால் அந்த வரியைக் காலியாக விடுகிறேன் என்கிறேன். பாதிப் பேர் என்னைத் திட்டிவிட்டு வேறு பெயின்டரைத் தேடிப் போகிறார்கள். போகட்டும்.

போத்தாவ், துக்கான், தோக்கோ, கெடாய் என்று ஆளுக்கொரு சொல் சொல்லுங்கள், அக்கா ஆட்சேபித்ததே இல்லை. ஆனால் இனி அந்தத் திருப்பத்தில் வண்டியை நிறுத்துகிறவர் எந்தச் சாதியானாலும், எந்த நிறத்து அட்டை வைத்திருந்தாலும், பலகையை வாசித்தால் அவர் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நீங்களும் அந்தப் பக்கம் போனால் பாவம் என்று சொல்லாதீர்கள். மேல்வரியைச் சத்தமாக வாசித்துவிட்டு ஒரு டீ கேளுங்கள்.