தொலைந்தவர் நிற்க வேண்டும்

மூடுபனிக்கு ஒரு வாசனை உண்டு என்று சொன்னால் எங்கள் குன்னம் பக்கத்து ஆட்கள் சிரிப்பார்கள். ஈரச் சாக்கும், கசங்கிய பச்சைத் தேயிலையும், கீழே எங்கோ எரிகிற விறகின் புகையும் கலந்த வாசனை அது. மழையைப் பார்த்து விதைத்து மழையைப் பார்த்தே ஏமாறுகிற இந்தக் கரிசல் காட்டில் ஐம்பது வருடத்துக்கு மேல் கிடந்தும், மார்கழி விடியலில் சோளக்கொல்லை மேல் லேசாகப் பனி இறங்கினால் போதும், என் மூக்கு தானாகவே அந்த வாசனையைத் தேடத் தொடங்கிவிடுகிறது.

நான் பிறந்தது சிலோனில், மலைமேல் இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில். வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகளை அங்கே 'லயம்' என்பார்கள். விடிவதற்குள் அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்விட, என்னை வளர்த்தவள் ஆறு வயது மூத்த என் அக்கா பொன்னம்மாதான். அவளும் கொழுந்து பறிக்கப் போகத் தொடங்கிய பிறகு, இடுப்பில் அவள் கட்டியிருந்த 'படங்கு' என்கிற சாக்குத்துணியின் முனையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே அலைவேன். மலையில் பனி சொல்லிவிட்டு வருவதில்லை. பட்டப்பகலில் திடீரென்று இறங்கும், பிடித்திருந்த சாக்கு முனை எப்போது கையைவிட்டு நழுவியது என்றே தெரியாது. அதற்காக அக்கா ஒரு சட்டம் போட்டிருந்தாள். இரண்டு தரம் 'கூவு' கொடுப்பது தேடுகிறவள் வேலை, ஒரு தரம் பதில் கூவிவிட்டு நின்ற இடத்திலேயே நிற்பது தொலைந்தவன் வேலை.

"தொலைஞ்சவன் நிக்கணும், தேடுறவதான் நடக்கணும். ரெண்டு பேரும் நடந்தா ஒருத்தரை ஒருத்தர் தாண்டிப் போயிருவோம்" என்பாள்.

ஒரு தரம் நான் கெட்டிக்காரத்தனமாக அவளைத் தேடிக்கொண்டு நடந்து, மழைத் தண்ணீர் வடிய ஆழமாக வெட்டிய பெரிய கானின் விளிம்பு வரை போய்விட்டேன். இன்னும் இரண்டடி வைத்திருந்தால் உள்ளே விழுந்திருப்பேன். அக்கா வந்து என்னை இழுத்துப் போட்டு, முதுகில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டு, அப்புறம் என்னைவிட அதிகமாக அவள்தான் அழுதாள். அன்றைக்குப் பிறகு நான் நகர்ந்ததே இல்லை.

எனக்கு எட்டு வயது நடக்கும்போது இந்தியாவுக்குத் திரும்பிப் போகச் சொல்லி எங்கள் வீட்டுக்குக் காகிதம் வந்தது. அதில் அக்காவின் பெயர் இல்லை. பிள்ளையில்லாத பெரியப்பா தன் வீட்டுப் பதிவில் ஒரு பிள்ளை பெயர் இருக்கட்டும் என்று கேட்க, அண்ணன் தம்பிக்குள் என்ன இருக்கிறது என்று அப்பா எப்போதோ அக்காவின் பெயரை அங்கே எழுதிக் கொடுத்திருந்தார். பெரியப்பா இந்தியா வேண்டாம், சிலோன் குடியுரிமையே போதும் என்று எழுதிப் போட்டவர். ஆக, காகிதத்தின்படி அப்பாவுக்கு மகள் இல்லை, எனக்கு அக்கா இல்லை. "போனதும் எழுதிப் போட்டுக் கூப்பிட்டுக்கலாம்" என்றார் அப்பா. நாங்கள் கிளம்பிய அன்று, ரயில் புகையும் அழுகையுமாக இருந்த ஸ்டேஷனில் அக்கா என் சட்டைப் பித்தானைப் போட்டு விட்டாள், கழற்றிவிட்டு மறுபடியும் போட்டு விட்டாள். இப்போது யார் தொலைந்தவர், யார் தேடுகிறவர் என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. பேச வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

கப்பல் ஏறி, இக்கரையில் முகாமில் சில நாள் தங்கி, ரயில் மாறி, ஒரு காலையில் அரியலூரில் இறங்கினோம். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் கிளப்பிய வெள்ளைத் தூசி ஸ்டேஷன் வாசலை மூடிக்கொண்டிருந்தது. எனக்கு அது பனியாகத் தெரிந்தது. பெட்டியைக் கீழே போட்டுவிட்டு அடிவயிற்றிலிருந்து ஒரு கூவு கொடுத்தேன். "எந்த ஊர் ஆந்தைடா இது?" என்று ஒரு மூட்டை தூக்கும் ஆள் கேட்க, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வாயெல்லாம் சுண்ணாம்புத் தூசி கரித்தது.

குன்னத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊரின் பெயர் எங்கள் காகிதத்தில் 'சொந்த ஊர்' என்று இருந்தது. அங்கிருந்து என்றைக்கோ கிளம்பிப் போன பூட்டனின் பெயரைச் சொன்னால், யாருக்கும் தெரியவில்லை. நான் 'சிலோன்காரன் மவன்' ஆனேன். மலையில் கை நீட்டும் தூரம்கூடத் தெரியாது, ஆனால் கூவினால் நான்கு பக்கமும் பதில் வரும். இங்கே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்க்கலாம், கூவினால் வெள்ளாடுதான் திரும்பிப் பார்க்கும். சாயங்காலம் பருத்திக்காட்டு நடுவில் நின்று கூவிப் பார்ப்பேன். நான்தானே கண்காணாத இடத்துக்கு வந்தவன், அதனால் நான்தான் தொலைந்தவன் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. நிற்பது என் வேலை, அக்கா வருவாள்.

எங்களோடு வந்த ஏழெட்டுக் குடும்பங்களும் இரண்டு வருடத்துக்குள் கோத்தகிரிப் பக்கம் தேயிலை வேலைக்குக் கிளம்பின. அப்பாவும் கிளம்பினார். கிளம்புகிற அன்று நான் பருத்திக்காட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன், எவ்வளவு அடித்தும் எழுந்திருக்கவில்லை. பஸ் போய்விட்டது. "அப்படின்னா இந்தக் கரிசல்லயே கெட" என்றார் அப்பா, ஆனால் அவரும் அம்மாவும் என்னோடு கிடந்தார்கள். தேயிலையைத் தவிர வேறெதுவும் தெரியாத அந்தக் கைகள் இருபது வருடம் பிறர் காட்டில் களை வெட்டி, ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலத்தைச் சேர்த்துவிட்டு ஓய்ந்தன. அவர்களை இங்கே கட்டிப்போட்டது நான்தான் என்பதை நான் ஒருநாளும் மறந்ததில்லை.

அக்காவைக் கூப்பிட்டுக்கொள்ள அப்பா எழுதிப் போட்டது எதுவும் பலிக்கவில்லை. அங்கே கலவரம் வந்த வருடத்தோடு, எப்போதாவது வந்துகொண்டிருந்த பெரியப்பாவின் கடிதங்களும் நின்றன. பிறகு போர் முற்றி, பெரம்பலூருக்குப் பக்கத்தில் அகதிகளுக்கு முகாம் போட்டபோது எனக்கு இருபத்தைந்து வயது தாண்டியிருந்தது. "உங்களுக்கு அவங்க பேச்சு புரியும்ல, வந்து ஒத்தாசை பண்ணுங்க" என்றார் ஓர் ஆபீஸ்காரர். உண்மையில் அவர்கள் பேச்சு எனக்கும் பாதிதான் புரிந்தது. ஆனாலும் வாரம் இரண்டு நாள் காட்டு வேலையை விட்டுவிட்டு, காட்டில் விளைந்த சின்ன வெங்காயத்தில் ஒரு மூட்டையோடு பஸ் ஏறிப்போய், படிவம் எழுதிக் கொடுப்பேன், தண்ணீர் வரிசையைச் சரிபார்ப்பேன். பெரிய தொண்டுள்ளம் என்று ஊரில் சிலர் சொன்னார்கள். அக்காவைத் தேடித்தான் போனேன் என்பதை இப்போதாவது சொல்லிவிடுகிறேன். படிவத்தில் இல்லாத ஒரு கேள்வியை ஒவ்வொருவரிடமும் கேட்பேன்: "மலைநாடா? எந்தத் தோட்டம்?"

ஒருநாள் மாரியாயி என்கிற அம்மாள் எங்கள் தோட்டத்தின் பெயரைச் சொன்னாள். கலவரத்தில் மலையை விட்டு வவுனியாவுக்குப் போய், அங்கேயும் போர் துரத்தக் கடல் தாண்டி வந்தவள். பொன்னம்மாவைத் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாமயா? பக்கத்து லயம். அன்னிக்கு லாரி வந்து நிக்குது, ஆளாளுக்கு ஏறுறோம். அவ மட்டும் வாசல்ல நிக்கிறா. 'நான் வரல, தொலைஞ்சவ நாந்தான், நகரக் கூடாது. தம்பி தேடிக்கிட்டு வருவான்'ங்கிறா. புத்திதான் பெசகிருச்சுன்னு நெனைச்சோம். அதுக்கப்புறம் தெரியலைங்க தம்பி."

அன்று எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இரண்டு பேரும் நடந்தால் தாண்டிப் போய்விடுவோம் என்று கண்டுபிடித்தவளுக்கு, இரண்டு பேரும் நின்றால் என்னவாகும் என்று தோன்றவில்லையே. எனக்கும் தோன்றவில்லையே. தோட்டத்து விலாசத்துக்கு எத்தனையோ கடிதம் போட்டேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. போர் நடக்கிறது, எப்படிப் போவது என்று சாக்குச் சொன்னேன். போர் முடிந்த பிறகு மழை, மனைவியின் நோய், மகளின் கல்யாணம் என்று சொன்னேன். உண்மையான காரணம் எளிமையானது. நான் கிளம்பிப் போகிற சமயம் பார்த்து அவள் இங்கே வந்துவிட்டால்?

இப்போது மனைவியும் இல்லை. திருப்பூரிலிருக்கும் மகள் பிடிவாதமாக அலைந்து எனக்கு பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். முகாமில் எனக்குத் தெரிந்த முகங்கள் அநேகமாகப் போய்விட்டன. தோட்டத்து லயங்களே இருக்கின்றனவோ என்னவோ, கூவுகிற பழக்கம் அங்கேயும் ஒழிந்திருக்கும், எல்லார் கையிலும் போன் இருக்கிறது. அக்கா இருந்தால் அவளுக்கு அறுபத்தெட்டு வயது. வருகிற வாரம் நான் கிளம்புகிறேன்.

நேற்று பக்கத்துக் காட்டுச் செல்வராசுவிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்தேன். "கொல்லையப் பாத்துக்கறேன், நிம்மதியாப் போயிட்டு வாங்க" என்றான்.

"கொல்லை கெடக்கட்டும்பா. வயசான அம்மா ஒருத்தங்க வந்து என்னைக் கேட்டாங்கன்னா, வூட்டத் தொறந்து விட்டு உள்ள ஒக்கார வையி. நான் வர்ற வரைக்கும் எங்கயும் நகர வேணாம்னு சொல்லு" என்றேன்.