மூச்சு வாங்கிய மகளோடு கிள்ளானுக்கு

நான் பேசாமல் இருந்தது போதும். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறோம். என் ஒன்பது வயது மகளுக்கு ஆறு மாதமாக மூச்சு வாங்கியது. பள்ளிக்கூட மாடிப்படியில் பாதியில் நின்றுவிடுவாள். படுத்தால் இன்னும் மோசம்.

என் மனைவியின் அண்ணன் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் டிரெஸர். புண்ணுக்கு மருந்து கட்டுகிறவர்தான், ஆனால் எங்கள் குடும்பத்துக்கு அவரே டாக்டர். சயரோகம் அண்டாமலிருக்க உடம்பு தேற வேண்டும் என்று மூன்று வேளையும் டின் பால் கொடுக்கச் சொன்னார். பிள்ளை பருத்தாள், மூச்சு இன்னும் அதிகமாக வாங்கியது. பாலைக் கூட்டச் சொன்னார். நான் சந்தேகம் கேட்டதற்குச் சிரித்தார்.

"சயம் வந்த பிள்ளைக்கு இப்படிக் கன்னம் இருக்குமா மச்சான்? நீங்க கிளார்க் வேலையப் பாருங்க."

பதினைந்து வருஷமாக இதே பேச்சுதான் எனக்கு.

சென்ற சனிக்கிழமை வீட்டில் சொல்லாமல் அவளைக் கிள்ளானில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். கோலாலம்பூர் ஸ்டேஷனில் காலை ஏழு பத்துக்கு ரயில். இருபது மைலுக்குச் சற்று மேல். மூன்றாம் வகுப்பில் நாற்பத்தைந்து காசு, பிள்ளைக்குப் பாதி. என்னால் உட்கார முடியவில்லை. பத்து தீகா ஸ்டேஷன் வருவதற்குள் மூன்று முறை எழுந்து கதவுவரை போய் வந்தேன். எட்டேகாலுக்கு இறங்கினோம்.

சீன ரிக்ஷாக்காரர் அவளைப் பார்த்துவிட்டுப் பெரிய ஆள் கூலி கேட்டார். நான் மலாயில் சண்டை பிடித்துக்கொண்டிருக்கையில் அவள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். அரை மைல்தான். நான்கு இடத்தில் நின்றாள்.

டாக்டர் இளம் தமிழர். மூச்சை அளக்கத் தண்ணீர்ப் பாத்திரத்தில் கவிழ்த்த உருளை ஒன்று வைத்திருக்கிறார். குழாயில் ஊதினால் எழும்பும். மகள் ஊதினாள், அவள் உயரப் பிள்ளைக்கு எழும்ப வேண்டியதைவிடக் குறைவு. படுக்கவைத்து ஊதச் சொன்னார், இன்னும் குறைவு.

"நோய் ஒண்ணும் இல்ல சார். வயிறும் நெஞ்சுச் சதையும் அமுக்குது, மூச்சு இறங்க இடம் இல்ல. மேல மேல ஊட்டினா மேல மேல குறையும்."

அப்படியானால் பட்டினி போடட்டுமா என்றேன். கோபித்துக்கொண்டார். சோறில்லாமல் மெலிந்த பிள்ளைகளுக்கும் ஊதப் பலமிருக்காதாம். டின் பாலையும் சீனியையும் நிறுத்தி, தினமும் நடக்க விடச் சொன்னார். அந்த டின்களைப் பாசார்க் கடையிலிருந்து சுமந்து வந்தவன் நான்தான்.

திரும்பும் ரயிலில் பத்திரிகைக்கு இதை எழுதத் தொடங்கினேன். மச்சான் பெயர், எஸ்டேட் பெயர், கீழே என் கையெழுத்து. மகள் எட்டிப் பார்த்துப் படித்தாள்.

"உங்க பேரு இருந்தா நான்தான்னு தெரிஞ்சிடும்பா. இப்பவே ஸ்கூல்ல குண்டு லோரின்னு கூப்பிடுறாங்க."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பெட்டாலிங் ஸ்டேஷன் வருவதற்குள் தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

போக நினைப்பவர்கள் பிள்ளைக்குக் காலையில் வயிறு நிறையக் கொடுக்காதீர்கள், ஊதக் கஷ்டம். சீக்கிரம் போனால் திரும்பிவர பதினொன்று நாற்பது ரயிலைப் பிடிக்கலாம். கன்னத்தைப் பார்க்காதீர்கள், படி ஏறும்போது பாருங்கள்.

பெயர்களை அடித்துவிட்டேன். படித்தால் மச்சானுக்குப் புரியும். கையெழுத்தில்லாமலே தபாலில் போடுகிறேன்.